குறிப்பெடுக்க வந்தவர்: போர்க்காலத்தில் தொழிலாளர் வகுப்பும் அரசும்



இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையை அரசு என்றைக்கும் உற்றுப் பார்த்தே வந்திருக்கிறது. முத்துக்குளிப்புக் காலத்தில் கரையேறிய சிப்பியை அதிகாரிகள் கண்முன் கூறுபோடுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, மீதி ஒரு பங்கு உயிரைப் பிடித்துக்கொண்டு மூழ்கியவர்களுக்கு. அதே சர்க்கார் 1908-இல் இதே ஊரில் பேச்சையும் கணக்கெடுக்கத் தொடங்கியது.

சுதேசி இயக்கத் தலைவர்களான வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய கூட்டங்களுக்குக் கோரல் மில் தொழிலாளர்கள் வந்து அமர்ந்தார்கள். எழுத்தறியாத மனிதருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் அன்று கிடையாது. 1905-இல் ருஷ்யாவில் நடந்த புரட்சியைக்கூடச் சிவா அங்கே விளக்கினார். பிப்ரவரி 27-ஆம் தேதி வேலைநிறுத்தத்தால் மில் நின்றது. மார்ச் மாதத் தொடக்கத்தில் மில்லை நடத்திய ஹார்வி நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மேடையில் பேசியவர்கள் மார்ச் 12 அன்று கைதானார்கள். வழக்கில் அவர்களுக்கு எதிராக நின்றவை போலீஸார் எழுதிவைத்த பேச்சுக் குறிப்புகள்தாம். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர் நீதிமன்றம் பின்னர் அதைக் குறைத்தது. தமிழ்ப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் பிடிக்கும் சுருக்கெழுத்தின் தேவையைப் போலீஸ் உணர்ந்ததும் இந்தச் சுதேசி மேடைகளால்தான். 

அது போர் இல்லாத காலம். முதல் உலகப் போர் வந்ததும் வழக்குமன்றம் வரை போகவேண்டிய சிரமமும் அரசுக்கு இல்லாமல் போயிற்று. 1915-இல் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம், விசாரணை இல்லாமலே ஒருவரை ஓரிடத்தில் அடைத்துவைக்க வழிசெய்தது. 1917 ஜூனில் சென்னை கவர்னர் பென்ட்லண்டின் அரசு, தன்னாட்சி கேட்ட ஹோம்ரூல் இயக்கத்தவரான அன்னி பெசன்ட், அருண்டேல், பி.பி. வாடியா மூவரையும் காவலில் வைத்தது. செப்டம்பரில் வெளியே வந்த வாடியா, ஏழு மாதங்களில் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் முன் போய் நின்றார்.

பெரம்பூரில் அதற்கு முன்பே ஒரு வகுப்பு உருவாகியிருந்தது. பெயரைக் கேட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்: வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய பக்திச் சொற்பொழிவுச் சபை அது. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் அங்கே வந்து ஆழ்வார் கதை கேட்டார்கள். கேட்டு முடித்தபின் தங்கள் கதையைச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம்தான். கை கழுவி, சோற்றை விழுங்கி, ஓடிவர வேண்டும். தாமதித்தால் கதவு சாத்தியிருக்கும். வெஸ்லி கல்லூரியில் தமிழ் கற்பித்த திரு.வி.க. மார்ச்சில் வந்து பேசினார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

இனி வாரந்தோறும் கூட்டம். வாடியா ஆங்கிலத்தில் பேசுவார். அதைத் தமிழில் சொல்வார்கள். அந்தப் பேச்சுகள் 1921-இல் நூலாக வந்தன. அவற்றில் ஓரிடம் என்னை நெடுநாள் உறுத்தியது. வேலைநிறுத்தம் வேண்டும் என்று தொழிலாளர்கள் துடிக்கிறார்கள். வாடியா தடுக்கிறார். பின்னியின் பணப்பை மட்டும் இளைக்குமானால் எனக்குக் கவலை இல்லை, ஆனால் போர்முனையில் இருக்கும் சிப்பாய்களுக்குத் துணி போகாமல் நேசநாடுகளின் காரியம் கெடுமே என்பது அவர் வாதம். ஆலையில் ஓடியது பட்டாளத்துக்கான காக்கித் துணி.

இந்த வாதத்தை அவருடைய ஏகாதிபத்திய விசுவாசமாகவே இடதுசாரி எழுத்தாளர்கள் படித்தார்கள். அது முழுப் பிழை அல்ல. ஹோம்ரூல்காரரான அவர் போருக்கு எதிரி அல்லர். ஆனால் அந்த மேடையில் நின்றவர் காவலிலிருந்து அப்போதுதான் வெளிவந்தவர். எதிரே இருந்த கூலிக்காரருக்குப் பாடம் சொல்லும்போதே, குறிப்பெடுக்கக்கூடிய ஒருவரின் காதுக்கும் சேர்த்து அவர் பேசினார் என்று நான் கருதுகிறேன். கண்காணிப்பு, வகுப்பை மூடுவதற்கு முன்பே பாடத்தை மாற்றிவிடுகிறது. தூத்துக்குடியில் சிவா பேசிய பேச்சையும் பெரம்பூரில் வாடியா பேசியதையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்; இடையே பத்தாண்டும் ஒரு பாதுகாப்புச் சட்டமும் இருப்பது தெரியும்.

அடக்கத்துக்குப் பலன் கிடைத்ததா? சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடமாயிற்று. போர் ஓய்ந்த பின்னும் பார்வை ஓயவில்லை. 1920-இல் வேலைநிறுத்தத்தின் நடுவே பின்னி கம்பெனி உயர் நீதிமன்றம் போய்ச் சங்கத் தலைவர்கள்மீது தடையாணை வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. வாடியா தொழிற்சங்கத்தை விட்டே விலகினார். 1921-இல் கவர்னர் வில்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்திவிடுவேன் என்று எச்சரித்தார்.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. நியூயார்க்கில் சோஷலிஸ்டுகள் 1906-இல் தொடங்கிய ராண்ட் தொழிலாளர் பள்ளிக்கும் இதே காலத்தில் இதே கதிதான். போரைக் கண்டித்து ஸ்காட் நியரிங் எழுதிய சிறுநூலுக்காக, பள்ளியை நடத்திய சங்கத்துக்கு 1919-இல் 3,000 டாலர் அபராதம்; எழுதிய நியரிங்கோ விடுதலை! அந்த ஆண்டு ஜூனிலேயே பள்ளிக்குள் சோதனையும் நடந்தது.

தோழர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றைய பேச்சைப் போலீஸ் எழுதிவைத்தது. கேட்ட தொழிலாளியின் பக்கம் எழுத்து மிகக் குறைவு. உங்கள் வீட்டுப் பரணில், சங்க அலுவலக அலமாரியில் பழைய சந்தாப் புத்தகமோ, கூட்ட நோட்டீஸோ, தீர்மானக் குறிப்போ இருந்தால் கரையானுக்கு விடாதீர்கள். இந்தக் கல்லூரி நூலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.