குற்றங்களின் இரு பிரிவினை

பிறமொழி வழங்கும் மாநிலத்தில் வாழும் நமக்குச் சட்ட அறிவு தக்க துணையாகும். கொலை, கொள்ளை முதலிய குற்றங்களில் போலீசார் வாரண்டின்றியே கைது செய்யலாம். அவதூறு, சிறு காயம் விளைத்தல் போன்றவற்றிலோ, மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் புலன் விசாரணையே தொடங்கலாகாது. இஃது ஒரு பிரிவினை.

மற்றொன்று ஜாமீன் பற்றியது. ஜாமீனில் விடத்தக்க குற்றமாயின், ஜாமீன் கொடுக்க முன்வருவோரை விடுவித்தே ஆகவேண்டும். அது சலுகையன்று, உரிமை. ஜாமீனில் விடத்தகாத குற்றமெனின் ஜாமீனே கிடையாது என நம்மிற் பலர் அஞ்சுகிறோம். அவ்வாறன்று, தருவதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் முடிவு என்பதே பொருள். இவ்விரு பிரிவினைகளும் ஒன்றல்ல. சாலையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியவரை வாரண்டின்றிக் கைது செய்யலாம். ஆயினும் அவர் ஜாமீனுக்கு உரியவரே.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவை நாம் மறத்தலாகாது. வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எவ்வூரில் நிகழ்ந்தாலும், எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் தரலாம். ரயிலில் நாகபுரியருகே தங்கச் சங்கிலி களவுபோயின், டில்லியில் இறங்கியும் புகார் செய்யலாம். "எங்கள் எல்லையன்று" என்னும் மறுமொழி செல்லாது. பதிவின் பிரதியை இலவசமாகவே கேட்டுப் பெறுவோமாக.