கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள்

பகாவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் இந்த ரந்தாவுக்கு வந்து, பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, முன்வரிசையில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. வந்து உட்காருங்கள். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

இளைஞருக்குத் தலைமை தாங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மேடைதோறும் சொல்கிறோம். நம் மாநிலத்துத் தோட்டங்களின் கதையோ வேறு. 1946ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சப்பான்காரன் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன எத்தனையோ பேர் லயத்துக்குத் திரும்பவே இல்லை. அந்த நேரத்தில்தான் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்காக ஓடி உழைத்த பி.பி. நாராயணனுக்கு அப்போது வயது 23. கேரளத்தில் பிறந்த அந்தப் பிள்ளையை நம்பிச் சங்கத்தில் சேர்ந்தார்கள் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகள். 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகித் தேசியச் சங்கம் அமைந்தது. பின்னாளில் நாராயணன் அனைத்துலகத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்றுக்கே தலைவரானார். ‘சின்னப் பையனுக்கு என்ன தெரியும்’ என்று 1946இலேயே பெரட்டுக் களத்திலிருந்து அவரை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இளையோரை நம்பியவர் இன்னொருவரும் உண்டு. 1950களில் சிங்கப்பூரிலிருந்து கோ. சாரங்கபாணி தமது தமிழ் முரசு நாளிதழில் மாணவர் மணிமன்றம் என்று ஒரு பகுதி ஒதுக்கினார். பிள்ளைகள் எழுதியது அச்சில் வந்தது. அந்தப் பெயரைத் தாங்கித்தான் பிறகு ஊர் ஊராக இளைஞர் மணிமன்றங்கள் எழுந்தன.

என் அம்மா தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து தெளித்தவர். முதுகில் தோம்பு, கையில் குழாய், முகத்துக்கு ஒரு பழைய துணி. நகமெல்லாம் நிறம் மாறியிருக்கும். அந்த மருந்துப் போத்தலில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். வாசித்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இன்றுவரை அது என் நெஞ்சில் கிடக்கிறது. அந்த மருந்துகளில் ஒன்றுதான் பாராகுவாட். தெளிப்பு வேலை செய்த பெண்களின் துயரத்தை ஐரின் பெர்னாண்டஸின் தெனகானித்தா அமைப்பு 2002இல் வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டு அரசு தடை போட்டது, 2006இல் தளர்த்தியது. 2020 சனவரி முதல் நாளில்தான் அது முழுதாகத் தடைபட்டது. இடையில் 18 ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை ஆண்டும் எத்தனை வீடுகளில் படித்த பிள்ளை ஒன்று சும்மா இருந்திருக்கும்!

இன்றைய பிள்ளைகள் சும்மா இருப்பவர்கள் இல்லை. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆக இறக்கக் கேட்டு 2016இல் இயக்கம் தொடங்கியவர்கள் மாணவர்கள். அவர்களில் ஒருவர் நம் தர்மா பிள்ளை. 2019 சூலையில் மக்களவையில் 211 பேர் ஆதரிக்க, அரசமைப்பே திருத்தப்பட்டது. 2023 ஆகஸ்டு 12இல் நம் மாநிலத் தேர்தலில் 18 வயதுப் பிள்ளைகள் வாக்களித்தார்கள். சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பத் தகுதி பெற்ற பிள்ளைக்கு, நம் கோயில் திருவிழாவில் மட்டும் வாளி தூக்கும் வேலைதானா? தண்ணீர்ப் பந்தலில் பிளாஸ்டிக் கோப்பை வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், ‘நாங்க பார்த்துக்கிறோம், நீ போ’ என்கிறோம். அந்தக் கோப்பைகள் கால்வாய் வழியே லிங்கி ஆற்றுக்குப் போகின்றன. சுத்திகரித்து நாம் குடிப்பதும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

கோயில் தலைவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துப் பெரியவர்களே, கைகூப்பிக் கேட்கிறேன். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பொறுப்பை 25 வயதுக்குட்பட்ட ஒருவருக்குக் கொடுங்கள். சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்தே கொடுங்கள்.