தைராய்டு: வேலியே பயிரை மேய்ந்த கதை

(மயிலாப்பூரில் கூடிய குழுப் பெண்களிடம் பேசியதன் சுருக்கம்)



மயிலாப்பூர், அடையாறு பக்கம் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களிடமும் சரி, நம் கிராமத்துக் குழுக்களிலும் சரி, நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "உடம்பு ஊதிப் போச்சு, முடி கொட்டுது, எந்நேரமும் அசதி." வீட்டில் 'சோம்பேறி' என்ற பட்டம் கிடைக்கிறது. ஆனால் அது தைராய்டாக இருக்கலாம்.

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி போல இருக்கும் சுரப்பி தைராய்டு. அதில் சுரக்கும் தைராக்சின் குறைந்தால் உடம்பின் எல்லா வேலையும் மந்தமாகும்.

அயோடின் குறைவால்தான் இது வரும் என்று நினைக்கிறோம். அயோடின் உப்பு அவசியம்தான். ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களுக்கும் வருகிறதே, ஏன்?

நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களின் வேலை கிருமிகளை அழிப்பது. சிலருக்கு, எது கிருமி, எது சொந்த உடம்பு என்ற அடையாளம் அவற்றுக்குத் தவறிப்போகிறது. 'டி' அணுக்கள் தைராய்டுக்குள் புகுந்து அதையே அழிக்கின்றன. 'பி' அணுக்கள் அதற்கு எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! 1912-ல் ஜப்பான் மருத்துவர் ஹஷிமோட்டோ, 4 பெண்களின் சுரப்பியில் வெள்ளை அணுக்கள் நிறைந்திருந்ததை எழுதினார். அவர் பெயரே நோய்க்கு வந்தது. இது ஒட்டுவாரொட்டி அல்ல. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரலாம்.

2013-ல் வெளியான ஆய்வில், சென்னை உட்பட 8 நகரங்களில் 5,376 பேரைச் சோதித்தார்கள். நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. அந்த எதிர்ப்பொருள் சுமார் 22 பேரிடம் இருந்தது. எதிர்ப்பொருள் இருந்தாலே நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கவனமாக இருக்க வேண்டும்.

டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையில் சுரப்புக் குறைவு தெரிந்துவிடும். தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், காபி, டீக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

முக்கியமான விஷயம்: உடம்பு தெளிந்ததும் "சரியாப் போச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். சுரப்பி சரியாகவில்லை சகோதரிகளே. அது சுரக்காததை மாத்திரை தருகிறது, அவ்வளவுதான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க. கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே டாக்டரிடம் சொல்லுங்க. மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கவனிக்காமல் விட்டால் கரு கலையலாம், குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும், யாருக்கு அசதி, யார் மாத்திரையை நிறுத்தினார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தேவைப்பட்டால் கூடவே ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள். குழு என்பது அதற்கும்தானே!