குறைந்த வளமும் நிறைந்த தலைமையும்



கருவி போதாது, ஆள் போதாது, பணம் போதாது என்னும் குறையை நாம் எந்தப் பணியிடத்திலும் கேட்கிறோம். அது பொய்யன்று. ஆயினும் ஒரே அளவு வளம் பெற்ற இரு குழுக்களுள் ஒன்று தளர்வதையும் மற்றொன்று தழைப்பதையும் காண்கிறோம். இவ்வேறுபாட்டில் தலைமைக்குள்ள பங்கு யாது? குஜராத்தின் கைரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் வரலாறு இதற்கு நல்ல விடையளிக்கின்றது.

ஓரிரண்டு எருமைகளே செல்வமாகக் கொண்ட அக்குடியானவர்களின் பால் பம்பாய்க்குச் சென்றது. விலையை வகுத்தவர்களோ இடைத்தரகர்கள். தமக்கெனக் கூட்டுறவு அமைத்துக்கொள்ளுமாறு சர்தார் வல்லபாய் பட்டேல் அவர்களுக்கு அறிவுரை கூறினார். 1946-ஆம் ஆண்டு உழவர்கள் 15 நாள் பாலை விற்க மறுத்தனர். அவ்வாண்டின் இறுதியில் கூட்டுறவு ஒன்றியம் பதிவு பெற்றது. தொடக்கத்தில் அதற்கிருந்தவை இரண்டு சிற்றூர்ச் சங்கங்களும், நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 லிட்டர் பாலுமே.

அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல், விடுதலைப் போரில் சிறை சென்ற தொண்டர். அவர் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார். ஆனால் அம்மக்களை இணைத்து வைத்தது சொல்வன்மை மட்டுமன்று. கொணர்ந்த பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, காலைப் பாலுக்கு மாலையிலேயே பணம் தரும் முறை பின்னர் ஊர்தோறும் நிலைபெற்றது. சாதியும் செல்வமும் பாராமல் யாவரும் ஒரே வரிசையில் நின்றனர். தலைவர் மீது கொண்ட நம்பிக்கை நாள்தோறும் இருமுறை மெய்ப்பிக்கப்பட்டது எனலாம்.

1949-ஆம் ஆண்டு ஆனந்துக்கு வந்த இளம் பொறியாளர் வர்கீஸ் குரியன், சென்னைக் கிண்டியில் பயின்றவர். அரசுப் பணிக்காக வந்த அவர், அங்கே நெடுநாள் தங்க எண்ணினாரல்லர். ஒன்றியத்தின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதுற, திரிபுவன்தாஸ் அவருடைய உதவியை நாடினார். பலமுறை செப்பனிட்ட பின், இனி ஒட்டுப் போடுவது வீண், புதிய இயந்திரம் வாங்குக என்றார் குரியன். திரிபுவன்தாஸ் கடன் பெற்று வாங்கினார். வளம் குன்றிய காலத்தில் சிக்கனம் எது, வீண் செலவு எது எனத் தெளிந்து, அறிந்தவர் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் தலைமையின் கடமையன்றோ? ஊரைவிட்டுப் புறப்பட இருந்த குரியன், அவ்வியந்திரத்தை நிறுவித் தருமாறு கேட்கப்பட்டுத் தங்கினார். தம் வாழ்நாளையே அங்குக் கழித்தார்.

எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று அயல்நாட்டு வல்லுநர் பலர் உரைத்த நாளில், குரியனின் நண்பர் தலயா அதனை மறுத்தார். வண்ணம் பூசும் தெளிப்பானையும் காற்றைச் சூடாக்கும் கருவியையும் கொண்டு அவர் செய்து காட்டினார். 1955-ஆம் ஆண்டு ஆனந்தின் புதிய பாற்பொடித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். பத்தாண்டுகட்குப் பின், அம்முறையை நாடெங்கும் பரப்பத் தேசியப் பால்வள வாரியம் தோன்றியது.

இவ்வரலாற்றை நாம் தவறாகப் பொருள்கொள்ளலாகாது. நல்ல தலைவர் கிடைத்தால் பணமே வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. ஊக்க மொழிகளைக் கூறிக் கூலியைக் குறைப்பது தலைமையாகாது, அது ஏய்ப்பாகும். கைராவில் இயந்திரமும் வந்தது, கடனும் பெறப்பட்டது, பாலின் விலையும் தவறாமல் கொடுக்கப்பட்டது. தலைமை செய்தது யாதெனில், உள்ள சிறு பொருள் எவர்க்காகச் செலவாகிறது என்பதில் எவர்க்கும் ஐயமில்லாமற் செய்ததே.

ஆகவே, சிறிய சங்கமோ பள்ளியோ பட்டறையோ நடத்தும் நம்மில் ஒவ்வொருவரும், நம்மிடம் என்ன இல்லை என்று கணக்கிடுமுன், நம்மை நம்பிக் காலையில் உழைத்தவருக்கு மாலையில் உரியது சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்வோமாக. அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறக்கூடிய இடத்தில், குறைந்த வளமும் பெரும்பயன் தரும்.