விடுதிக் கட்டணம் கட்டியவர்கள்

(மண்டூர்ப் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்திய உரை)



மண்டூர்த் துறையில் பாதை ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து இந்த விடுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். 1945இல் கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வியால் வகுப்புக் கட்டணம் இல்லை. ஆனால் வாவி கடந்து வந்த பிள்ளைக்கு விடுதிச் செலவு இருந்தது. அதை இப்பாடசாலையின் பழைய மாணவியர் சிலர் கட்டினார்கள். "கொழும்பிலிருக்கிற ஒரு அக்கா அனுப்புறா" என்பார்கள், அவ்வளவுதான். அவருக்குத் தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கை போகும். எங்கள் வீட்டு நிலைமையை அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. அப்படி விசாரிக்காமல் விட்டது எவ்வளவு பெரிய மரியாதை என்பது, நாங்கள் கொடுக்கத் தொடங்கிய பிறகே விளங்கியது.

உதவி பெறும் பிள்ளைக்கு ஒரு பாரம் உண்டு. கணிதத்தில் புள்ளி குறைந்தால் மற்றப் பிள்ளை வீட்டில் ஏச்சு வாங்குவாள், அதோடு முடிந்தது. எங்களுக்கோ முகம் தெரியாத ஒருவரின் காசை வீணாக்கிவிட்டோம் என்று இரவு நித்திரை வராது. ஆகவே சங்கத்திடம் ஒன்று கேட்கிறோம். உதவி வழங்கும்போது பிள்ளையை மேடையேற்றிப் படம் எடுக்க வேண்டாம். கொடுத்தவர் பெயர் மலரில் தாராளமாக வரட்டும். வாங்கியவள் முகம் வேண்டாம். நாளைக்கு அவளும் இந்த வாங்குகளில்தான் மற்றவர்களோடு இருந்து படிக்க வேண்டும்.

இன்னொரு கடனும் உண்டு. இலவசக் கல்விக்கு அரசிடம் காசு எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியிலிருந்து வந்தது. கொழுந்து பறித்த தாய்மாரின் பிள்ளைகளோ தோட்டப் பாடசாலையில் சில வகுப்புகளோடு நின்றார்கள். அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். நாங்கள் க.பொ.த. உயர்தரம் வரை படித்ததில் அவர்கள் பங்கும் இருக்கிறது. அவர்களுக்கு யாரும் நன்றிக் கடிதம் எழுதியதாக நாங்கள் அறியோம்.

எனவே மண்டூர்க்காரர் நாங்கள், இங்கிருப்பவர்களும் ரொறன்ரோ, லண்டன் என்று போனவர்களும் சேர்ந்து, இவ்வாண்டு முதல் இரண்டு பிள்ளைகளின் விடுதிச் செலவை ஏற்கிறோம். ஒருத்தி படுவான்கரைப் பிள்ளை, மற்றவள் மலையகப் பிள்ளை. "இடையில் கல்யாணம் முடித்துப் போனால் காசு வீண்தானே?" என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். போகட்டும், படித்த வகுப்புகளை யாரும் திருப்பி வாங்க முடியாது. வேலை கிடைத்ததும் திருப்பித் தரும்படியும் கேட்க மாட்டோம். தேர்ச்சி அறிக்கை மட்டும் வந்தால் போதும். விண்ணப்பப் படிவம் விடுதிப் பொறுப்பாசிரியையிடம் இருக்கிறது. கையொப்பம் வைக்கத் தாய் நேரில் வரத் தேவையில்லை; வேளாண்மை வெட்டு நாட்களில் அவர் ஒருநாள் கூலியை இழக்கக் கூடாது.