இரு நாழிகை நோன்பு



உ.வே.சாமிநாதையர் குடந்தைச் சமணர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஏடுகளில் உறங்கிய காப்பியம் பலர் கைக்கும் எட்டியது. அன்று அச்சுப்பொறி ஆற்றிய சாத்திர தானத்தை இன்று கைப்பேசியும் ஆற்றுகிறது. அயல்நாட்டுப் பேரன் அறவுரை கேட்கிறான். நடக்க இயலாத பாட்டி மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவை இல்லத்திலிருந்தே காண்கிறார்.

ஆயினும், சாமாயிகத்துக்குரிய 48 நிமிடங்களைக் களவாடுவதும் அக்கருவியே. ஆராயாது செய்தி பரப்பும் விரல் வாய்மை விரதத்தை மீறுகிறது. பழுதுறாத கருவியை எறிந்து புதியது நாடுவது மிகுபொருள் விரும்பாமைக்கு முரணாகும்.

குற்றம் கருவியில் இல்லை, அளவின்மையில் உள்ளது. பொருளுக்கு வரையறை வகுத்தது சமணம். கருவிக்கும் அது பொருந்தும். இரவுண்ணாமை காக்கும் இல்லங்களில், நாள்தோறும் இரு நாழிகை கைப்பேசியும் நோன்பிருக்கட்டும்!