வில்லனுக்குக் கைதட்டும் பிள்ளைகள்

(கோலசிலாங்கூரில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சூப்பர் ஹீரோ படத்து வில்லனை நாம் ஏன் நம்பிவிடுகிறோம் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதைப் பேச என்ன இருக்கிறது என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். இருக்கிறது ஐயா, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பாட்டி பால்மரம் வெட்டியவர். அவர் காலத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். நம்பியார் வந்து கையைப் பிசைந்தால் போதும், வில்லன் யாரென்று குழந்தைக்கும் தெரியும். அவர் ஏன் கெட்டவர் ஆனார் என்று யாரும் கேட்டதில்லை. நிஜ வாழ்க்கையில் பாட்டிக்கு வில்லன் எங்கள் மண்டோர். பால் எடையைக் குறைத்து எழுதினார் என்று சாகும்வரை திட்டினார். பல வருடம் கழித்து அந்த மண்டோரின் மகளைச் சந்தித்தேன். கணக்கு உதைத்தால் கிராணி அவள் அப்பாவைத்தான் எல்லார் முன்னாலும் ஏசுவாராம். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாராம். இதனால் பாட்டிக்குக் குறைந்த எடை கூடிவிடாது. ஆனால் அந்த மனிதருக்கு முதல் தடவையாக எனக்கு ஒரு முகம் தெரிந்தது.

நல்ல வில்லனை எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 2000-இல் வந்த 'எக்ஸ்-மென்' படம், நாஜி வதைமுகாம் வாசலில் ஒரு சிறுவனைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதில் தொடங்குகிறது. மெக்னீட்டோ பிறகு என்ன அக்கிரமம் செய்தாலும் அந்த வாசல் நம் கண்ணை விட்டுப் போவதில்லை. 2017-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்தின் வல்ச்சர் நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறார். இடிபாடுகளை அள்ளும் குத்தகைக்காரர் அவர். வேலை கிடைத்த தெம்பில் லாரி வாங்கி, ஆள் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறார். அரசாங்க இலாகா ஒன்று வந்து, இனி இது எங்கள் வேலை, நீ போகலாம் என்கிறது. சின்னக் குத்தகை எடுத்து வயிறு வளர்க்கும் யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. தானோஸ் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. சாப்பாடு போதவில்லை என்று பாதி உயிர்களை அழிக்கிறார். அவ்வளவு சக்தி உள்ளவர் சாப்பாட்டை இரண்டு மடங்காக்கியிருக்கலாமே! பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

தமிழில் 2018-இல் வெளியான '2.0' படத்தின் பட்சிராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளைப் பிள்ளைகளாக நினைத்த ஆய்வாளர். அவர் போகாத படி இல்லை, யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் கைத்தொலைபேசிக் கோபுரத்திலேயே தூக்கில் தொங்குகிறார். கோலசிலாங்கூர்க்காரர்களுக்கு இது புரியும். தாமான் ஆலாமுக்கு வருடந்தோறும் தூரதேசத்துப் பறவைகள் வருகின்றன. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள் ஒன்றாகக் கண்சிமிட்டுவதைப் படகில் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரை மரங்களை வெட்டினால் மின்மினி குறையும் என்பது இங்குள்ள படகுக்காரருக்கே தெரியும். ஒவ்வொரு மரமாக இருட்டாவதைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போடும் ஒருவருக்கு மந்திர சக்தி கிடைத்தால் என்ன செய்வார்? பட்சிராஜனை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் அவர் துக்கம் பொய்யில்லை. ஆனால் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் தவறிவிடுகிறார். தொலைபேசி அலையால்தான் பறவைகள் சாகின்றன என்பது அறிவியல் உறுதிப்படுத்திய உண்மை இல்லை. துக்கம் உண்மை, கணக்கு தப்பு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் வில்லன் நம்பும்படி வருவார் என்பது என் கருத்து.

இதை எல்லாரையும்விட அழகாகச் செய்து காட்டியது 2021-இல் வந்த 'மின்னல் முரளி' என்ற மலையாளப் படம். இயக்கியவர் பேசில் ஜோசப். வில்லன் ஷிபுவாக நடித்தவர் நம்மவர், மதுரைக்காரர் குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறையில் பயின்றவர். 'ஜோக்கர்' என்ற தமிழ்ப் படத்தின் நாயகனும் அவர்தான்.

கதை ஒரு சின்ன ஊரில் நடக்கிறது. ஒரே இரவில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் ஒரே சக்தி. ஒருவன் தையற்காரன் ஜெய்சன், மற்றவன் டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபு. ஷிபுவை ஊரே பைத்தியம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் மனதில் இருக்கும் உஷா, மகளோடு ஒடிந்து ஊர் திரும்புகிறாள். அவள் மகளின் அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும். ஷிபு வங்கியைக் கொள்ளையடிக்கிறான். அந்த இடத்தில் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் ஊரார் மூட்டிய தீயில் உஷாவும் மகளும் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு முழு ஊரையும் எரித்துவிடக் கிளம்புகிறான்.

ஜெய்சனும் பெற்றவர்கள் இல்லாதவன்தான். ஆனால் அவனுக்கு எடுத்து வளர்த்த அப்பா இருக்கிறார், கூடவே சுற்றும் அக்காள் மகன் இருக்கிறான். மாமா பறப்பார் என்று அந்தச் சின்னப் பையன் முதலில் நம்புகிறான். ஷிபுவிடம் அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் பார்த்த வித்தியாசம் இந்தப் பையன்தான். ஆனால் அந்தத் தீயில் சாகவிருந்த குழந்தைகள் ஷிபுவைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் இல்லையே.

என்னோடு படிவம் மூன்று வரை படித்த ஒருவன் இருந்தான். தோட்டம் கைமாறி நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போனபோது அவனும் வந்தான். அடுத்த வருடம் பள்ளியில் இல்லை. சஞ்சை குமார் பெருமாளின் 'ஜகாட்' படம் 2015-இல் வந்தபோது, தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தில் அந்தக் கெட்டிக்காரச் சிறுவன் குண்டர் கும்பல் பக்கம் சாய்வதைப் பார்த்து எனக்கு இவன் ஞாபகம்தான். டிப்ளோமா முடித்துச் செய்திப் பிரிவில் சேர்ந்த புதிதில் நீதிமன்ற வாசலில் ஒலிவாங்கியோடு நின்றேன். விலங்கோடு இறங்கியவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் வெட்டியது தோட்டத்தை விற்றவர்களை இல்லை. எண்ணெய் நிலையத்தில் இரவு வேலை செய்த இன்னொரு தோட்டத்துப் பையனை. அந்தச் செய்தியை நான்தான் வாசித்தேன். ஊர், பெயர், வயது, குற்றம். முப்பது விநாடி. அவனுக்கும் முகம் கொடுக்கவில்லை, வெட்டுப்பட்டவனுக்கும் கொடுக்கவில்லை.

போன மாதம் இங்கே ஒரு பயிலரங்கில் பிள்ளைகளிடம், ஆளுக்கொரு வில்லன் எழுதுங்கள் என்றேன். நாயகனுக்கு இரண்டு வரி, வில்லனுக்கு இரண்டு பக்கம் எழுதினார்கள். மாமா வீட்டில் வளரும் ஒரு பையனின் கதை இது. அவன் கையைக் காட்டினாலும் பள்ளிப் பேருந்து நிற்காமல் போகிறது. ஒரு நாள் அவனுக்குப் பேருந்துகளை நடு ரோட்டில் நிறுத்தும் சக்தி வருகிறது. முதல் பேருந்தைக் கவிழ்க்கிறான். படித்துவிட்டு, ஓட்டுநர் ஏன் நிற்கவில்லை என்று எழுதவில்லையே தம்பி என்று கேட்டேன்.

"எழுதினா அவன் பஸ்ஸ கவுக்க மாட்டான்கா. கதை அங்கேயே நின்னுரும்."

நிற்கட்டும், எழுதிக் கொண்டு வா என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு தாளை வாங்கிப் போனான். இன்று வந்திருக்கிறான், மூன்றாவது வரிசை. தாள் சட்டைப்பையில் இருக்கிறது, இன்னும் என்னிடம் தரவில்லை.